மருந்தக வரிசையிலிருந்து சட்டமன்றக் கேள்வி வரை: தென்னாப்பிரிக்க மாகாண நிர்வாகத்தைக் கணக்குக் கேட்க ஒரு வழிகாட்டி

2016 செப்டம்பர் 13 அன்று கௌட்டெங் மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜேக் புளூம் எழுப்பிய கேள்விக்கு மாகாணச் சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு பதில் அளித்தார். லைஃப் எசிடிமெனி மனநலக் காப்பகங்களிலிருந்து தொண்டு அமைப்புகளின் இல்லங்களுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்பது கேள்வி. பதில், 36. நோயாளிகளின் குடும்பத்தினர் நீதிமன்றம் போயிருந்தார்கள், போராட்டம் நடத்தியிருந்தார்கள். அவ்வளவுக்கும் வெளிவராத எண் ஒரு சட்டமன்றக் கேள்விக்கு வெளிவந்தது. அதன்பின் எதையும் மூடி வைக்க முடியவில்லை. சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலெகபுரு மக்கோபா விசாரித்தார். 2017 பிப்ரவரியில் வந்த அவரது அறிக்கை, இறந்தவர்கள் குறைந்தது 94 பேர் என்றும், அந்த 27 இல்லங்களில் ஒன்றுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்றும் சொன்னது. அமைச்சர் பதவி விலகினார். ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெகெ நடத்திய நடுவர் விசாரணை முடிவதற்குள் எண்ணிக்கை 144 ஆகியிருந்தது.

டர்பனைச் சுற்றி வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கதை தெரியாததல்ல. ஆனால் நம் பகுதி மருத்துவமனையில் மின்தூக்கி மாதக்கணக்கில் ஓடவில்லை என்றால் வானொலிக்குத் தொலைபேசி செய்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். நகராட்சி உறுப்பினரைப் பிடித்து உலுக்குகிறோம். நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் தலைநகர் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் 80 பேர் கொண்ட ஒரு சட்டமன்றம் இருப்பதும், எந்த அதிகாரியையும் அழைத்து உறுதிமொழியின் பேரில் பேசவைக்கும் அதிகாரம் அதற்கு இருப்பதும் நினைவுக்கே வருவதில்லை. அரசியலமைப்பின் 114ஆம் பிரிவு மாகாண நிர்வாகத்தைக் கண்காணிப்பதைச் சட்டமன்றத்தின் கடமை ஆக்குகிறது. ஆளை வரவழைக்கவும், ஆவணம் கேட்கவும், மனு வாங்கவும் 115ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அமைச்சர்கள் முழுமையான அறிக்கைகளைத் தவறாமல் தர வேண்டும் என்கிறது 133ஆம் பிரிவு.

என் கருத்து இதுதான்: சட்டமன்றத்திடம் குறையைக் குறையாகவே கொண்டுபோனால் அனுதாபம் கிடைக்கும், எண்ணும் தேதியும் கேட்கும் கேள்வியாகக் கொண்டுபோனால் பதில் கிடைக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மாற்றத்தைச் செய்யத்தான்.

முதல் படி: யார் வேலை என்று கண்டுபிடியுங்கள்

பாதி மனுக்கள் தவறான கதவைத் தட்டியே வீணாகின்றன. அரசியலமைப்பின் 4ஆம், 5ஆம் அட்டவணைகளைப் பார்த்தால் பங்கீடு விளங்கும். பொது மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்துவது மாகாணம். சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை, பீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை இரண்டும் மாகாணச் சுகாதாரத் துறையின் கீழ் வருபவை. ஆம்புலன்ஸ் சேவையும் மாகாணச் சாலைகளும் முழுக்க மாகாணத்துக்கு உரியவை. குடிநீர் விநியோகம், வீட்டு மின்சாரம், குப்பை, சுடுகாடு, தெருச் சாலை ஆகியவை டர்பன் பகுதியை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. அடையாள அட்டையும் முதியோர் உதவித்தொகையும் தேசிய அரசு.

கோடு இவ்வளவு நேராகவும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரியை நம்பிக் கிடந்தது. தண்ணீர் மாநகராட்சியின் வேலைதான். ஆனால் மாநகராட்சியைக் கண்காணிப்பதும், அது தவறினால் 139ஆம் பிரிவின்படி தலையிடுவதும் மாகாணத்தின் வேலை. ஆகவே மாகாணச் சட்டமன்றத்தில் உள்ளாட்சித் துறைக்கான குழு இதைக் கேட்கலாம். அந்த வெள்ளத்துக்காகத் தேசிய நாடாளுமன்றமும் இரு அவைகளின் தற்காலிகக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தது. காவல்துறையும் அப்படித்தான். நிலையத்தை நடத்துவது தேசிய அரசு. அதன் நடத்தையைக் கண்காணிக்கும் உரிமையை 206ஆம் பிரிவு மாகாணத்துக்குத் தருகிறது. “அது எங்கள் துறை இல்லை” என்று சொல்பவரிடம் அடுத்து, “நடத்துவது உங்கள் வேலை இல்லை, சரி. கண்காணிப்பது யார் வேலை?” என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: காகிதம் சேருங்கள்

சட்டமன்ற உறுப்பினரிடம் போகும் முன், உரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மருத்துவமனை என்றால் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 18ஆம் பிரிவில் புகார் உரிமை தருகிறது. புகார் செய்யும் முறையை மருத்துவமனை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். கொடுத்த தேதி, பெற்றுக்கொண்டவர் பதவி, குறிப்பு எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகாரால் யாருக்கும் பயனில்லை.

துறை கையில் இருக்கும் ஆவணம் வேண்டுமென்றால், 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. பாயா (PAIA) என்று சுருக்கப் பெயரைச் சொன்னால் எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். விண்ணப்பம் கிடைத்து 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், ஒருமுறை நீட்டிக்கலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். 60 நாட்களுக்குள் அதே துறைக்குள் மேல்முறையீடு செய்து, அதற்கும் பலன் இல்லையென்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம். இவ்வளவும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் “பாயா விண்ணப்பம் இந்தத் தேதியில் கொடுத்தோம், பதில் இல்லை” என்ற ஒரு வரி உறுப்பினரின் கேள்விக்குத் தரும் பலம் பெரிது.

மூன்றாம் படி: ஆண்டறிக்கையைப் படியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். மாகாணத் துறைகளின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி துறை தன் கணக்கை மே 31க்குள் தலைமைத் தணிக்கையாளரிடம் தர வேண்டும். அவர் ஜூலை 31க்குள் தணிக்கை அறிக்கை தர வேண்டும். ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வைக்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். துறைகளின் இணையதளங்களில் ஆண்டறிக்கை கிடைக்கும். நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் அவற்றின் அறிக்கை பிறகுதான் வரும்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் போகும். முதலில் அமைச்சரின் முன்னுரையையும் புகைப்படங்களையும் தாண்டிவிடுங்கள். செயல்பாட்டு அட்டவணைக்குப் போங்கள். அதில் ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த இலக்கு, அடைந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வித்தியாசத்துக்கான காரணம் என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பத்தியை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். “பணியாளர் பற்றாக்குறை”, “கொள்முதல் தாமதம்”, “ஒப்பந்ததாரர் திறமையின்மை” என்று எழுதியிருப்பார்கள். முந்தைய ஆண்டின் அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இலக்குக்கு அதே காரணம், ஒரு சொல்லும் மாறாமல் இருந்தால் உங்கள் கேள்வி பாதி எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். இலக்கையே குறைத்துவிட்டு “அடைந்தோம்” என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்தத் தந்திரம் உலகம் முழுக்க உண்டு.

அடுத்து தணிக்கையாளரின் பக்கங்கள். தணிக்கைக் கருத்துகள் ஐந்து வகை. குறையே இல்லாதது, கணக்கு சரியென்றாலும் குறிப்புகள் உள்ளது, சில இடங்களில் கணக்கு நம்ப முடியாதது, கணக்கே தவறானது, கருத்துச் சொல்லவும் ஆவணம் இல்லாதது. அமைச்சர்கள் பெருமையாகப் பேசும் ‘கிளீன் ஆடிட்’ முதல் வகை. அதைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது, சட்டம் பின்பற்றப்பட்டது, செயல்திறன் தரவுகள் நம்பத்தக்கவை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மருந்தகத்தில் ஆள் இல்லை என்பதைத் துல்லியமாகக் கணக்கெழுதி வைத்த துறையும் அதை வாங்கலாம்.

செலவுக் குறைகளில் மூன்று பெயர்கள் அடிபடும். ஒதுக்கியதைத் தாண்டிய செலவு, விதிமீறிய செலவு, வீண் செலவு. இதில் விதிமீறிய செலவு என்றாலே திருட்டு என்று நம் ஆட்கள் கூட்டத்தில் குதிப்பார்கள். கொள்முதல் விதி மீறப்பட்டது என்பதே அதன் பொருள். பொருள் உண்மையில் வந்திருக்கலாம், விலையும் நியாயமாக இருந்திருக்கலாம். திருட்டு என்று எழுதிவிட்டால் துறைத் தலைவர் அந்த ஒரு சொல்லை மறுத்தே தப்பித்துவிடுவார். “இந்தத் தொகைக்கு விசாரணை முடிந்ததா, யார் மீது நடவடிக்கை” என்று கேட்டால் மறுக்க இடமில்லை.

2019 ஏப்ரலிலிருந்து தணிக்கையாளருக்குப் புதிய அதிகாரமும் உண்டு. பெரும் இழப்பு ஏற்படுத்திய முறைகேட்டைச் சரிசெய்ய அவர் கட்டளையிடலாம். அதையும் மீறினால், கணக்குக்குப் பொறுப்பான அதிகாரியே தன் கையிலிருந்து கட்ட வேண்டிய கடன் சான்றிதழ் வரை போகலாம். 2020 டிசம்பரிலிருந்து செகானி மலுலெகெ அந்தப் பதவியில் இருந்துவருகிறார். அதில் அமர்ந்த முதல் பெண் அவர். உங்கள் துறையின் அறிக்கையில் இந்த வகை முறைகேடு குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தப் பக்க எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சரியான உறுப்பினரைப் பிடியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே மாகாணச் சட்டமன்றத்துக்குத் தொகுதி கிடையாது. வாக்கு கட்சிக்கு, கட்சி தன் பட்டியலிலிருந்து ஆளை அனுப்பும். “எங்கள் தொகுதி எம்எல்ஏ” என்று ஒருவர் இல்லை. கட்சிகள் தாங்களாகவே பகுதிகளைப் பங்கிட்டு அலுவலகம் திறந்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். பகுதிக்கென்று வாக்குப் பெற்று வருபவர் நகராட்சி வட்ட உறுப்பினர் மட்டும். எல்லாப் புகாரும் அவர் தலையிலேயே விழுவதும், அவர் கைக்கு எட்டாத மருத்துவமனைக்கும் அவரையே திட்டுவதும் இதனால்தான்.

ஆகவே உங்கள் ஊர்க்காரர் யார் என்று தேடாதீர்கள். உங்கள் விஷயத்துக்கான துறைக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். சுகாதாரம் என்றால் சுகாதாரக் குழு. பணம் போன கதை என்றால் ஸ்கோபா என்று அழைக்கப்படும் பொதுக் கணக்குக் குழு. குழுவின் தலைவருக்கும், ஆளும் தரப்பிலிருந்து ஒருவருக்கும், எதிர்த்தரப்பிலிருந்து ஒருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அது கட்சிச் சண்டையாகிவிடும். மூவருக்கும் போனது தெரிந்தால் யாரும் பேசாமல் இருக்க விரும்ப மாட்டார்கள்.

குவாசுலு-நாட்டாலில் இதற்கு நேரமும் தோதாக இருக்கிறது. 2024 மே 29 தேர்தலில் எம்கே கட்சி 37 இடங்களுடன் முதலிடம் பிடித்தும் ஆட்சி அமைக்கவில்லை. ஐஎஃப்பி 15, ஏஎன்சி 14, டிஏ 11, என்எஃப்பி 1 என்று நான்கு கட்சிகள் சேர்ந்து 41 இடங்களோடு தாமி ண்டுலியை முதல்வராக்கின. எதிரே 39. இவ்வளவு மெல்லிய பெரும்பான்மை இருக்கும் அவையில் ஒவ்வொரு உறுப்பினரும் காது கொடுத்துக் கேட்பார்.

ஐந்தாம் படி: கேள்வியைச் செதுக்குங்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் சர்க்கரை நோய் மாத்திரைக்காக ஆயாவும் தாத்தாவும் விடிகாலை முதல் மதியம் வரை காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “முதியோர் வதைபடுகிறார்கள், அமைச்சர் என்ன செய்யப் போகிறார்?” என்று கேட்டால் பதில் முன்கூட்டியே தெரியும்: துறை இதை மிகுந்த கவனத்தில் எடுத்துக்கொண்டுள்ளது. இதற்குப் பதிலாக உறுப்பினரிடம் இப்படி எழுதிக் கொடுங்கள்:

“இந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாளர், உதவியாளர் பணியிடங்கள் எத்தனை? இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை எத்தனை? காலியான ஒவ்வொரு இடமும் எந்த மாதத்திலிருந்து காலியாக உள்ளது, எந்தத் தேதியில் விளம்பரம் செய்யப்பட்டது? மருந்தகக் காத்திருப்பு நேரத்துக்குத் துறை வகுத்த இலக்கு என்ன, கடந்த நான்கு காலாண்டுகளில் அளந்த நேரம் என்ன? நாள்பட்ட நோயாளிகள் மாத மருந்தை வெளி மையங்களில் வாங்கும் திட்டத்தில் இந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை பேர் பதிவாகியுள்ளனர்? இலக்கு தவறியிருந்தால், எந்தப் பதவியில் உள்ளவர் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்?”

முதல் பகுதி, பணம் இல்லையா அல்லது ஆளைத் தேடவே இல்லையா என்பதைக் காட்டிவிடும். பணியிடம் அங்கீகரிக்கப்பட்டும் பதினெட்டு மாதமாக விளம்பரமே வரவில்லை என்றால் பழி நிதித் துறைமேல் போகாது. நேரத்தை அளந்ததே இல்லை என்ற பதில் வந்தால் அதுவும் பதில்தான். இலக்கு வைத்துவிட்டு அளக்காத துறையைக் குழு சும்மா விடாது. வெளி மையத் திட்டம் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அதில் பதிவு குறைவென்றால் தீர்வு ஒரு மேசையும் ஓர் எழுத்தரும் மட்டுமே. கடைசிக் கேள்வியில் ஆள் பெயரைக் கேட்காதீர்கள். பதவியைக் கேளுங்கள். ஆள் மாறினாலும் பொறுப்பு நிற்கும்.

ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். மருந்தகம், கழிவறை, வாகன நிறுத்தம், பாதுகாவலரின் வாய்த்துடுக்கு எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அடைத்தால் துறை எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: தேவைப்பட்டால் மனு

ஒரு தெருவோ ஒரு பள்ளியின் பெற்றோரோ சேர்ந்து கேட்கும்போது மனு நல்ல வழி. கூட்டாக மனு அளிக்கும் உரிமை 17ஆம் பிரிவில் இருக்கிறது. என்ன நடந்தது, இதுவரை யாரிடம் போனோம், சட்டமன்றம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கையொப்பமிட்டவர்களின் முகவரி படிக்கும்படி இருக்கட்டும். கோயில் திருவிழாவில் கையொப்பம் வாங்குவது எளிது. ஆனால் எதற்கென்று படிக்காமல் போட்ட ஆயிரம் கையொப்பத்தைவிட, கேட்டால் வந்து பேசக்கூடிய நாற்பது பேர் குழுவின் முன் எடுபடுவார்கள்.

தமிழில் எழுதலாமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, அதற்கு மதிப்பளித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் சேர்த்திருக்கிறது. ஆட்சிமொழிகளில் அது இல்லை. எனவே மனு ஆங்கிலத்திலோ சூலுவிலோ போகட்டும். சூலுப் பிரதி ஒன்றும் இணைத்தால் நல்லது. அந்த மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் நம்மவர்கள் மட்டும் இல்லை, அவர்களும் கையொப்பமிட வேண்டும் அல்லவா? ஓர் இனத்தின் குறை என்று தோன்றும் மனுவுக்குச் சட்டமன்றத்தில் கிடைக்கும் ஆதரவு குறைவு.

ஏழாம் படி: குழுக் கூட்டத்துக்குப் போங்கள்

118ஆம் பிரிவின்படி சட்டமன்றமும் குழுக்களும் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் கதவை மூட முடியாது. மக்களை ஈடுபடுத்துவது அவற்றின் கடமையும்கூட. இந்த விஷயத்தில் குவாசுலு-நாட்டால் சட்டமன்றமே ஒருமுறை பாடம் படித்திருக்கிறது. மட்டட்டியேலே பகுதியை ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்கு மாற்ற அது ஒப்புதல் தந்தபோது அங்குள்ள மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூட்டத்துக்கு வரக் கூடாது என்று யாராவது சொன்னால் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர்தான் என்றாலும் என்3 நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றுவிட்டால் கூட்டம் முடிந்தபின் போய்ச் சேருவீர்கள். விடியலிலேயே கிளம்புங்கள். கூட்டம் தள்ளிப்போவது சாதாரணம். முந்தின நாள் குழுச் செயலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பேச வாய்ப்பு கிடைத்தால் சில நிமிடம்தான் இருக்கும். ஒருவர் மட்டும் பேசுங்கள். ஆண்டறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். துறை அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பக்க எண் கேட்டதும் அவர்கள் தாளைப் புரட்டும் வேகத்திலேயே நீங்கள் சரியான இடத்தைத் தொட்டீர்களா என்று தெரியும்.

எட்டாம் படி: பதிலுக்குப் பின்

எழுத்தில் வந்த பதிலில் தேதி இருந்தால் நாட்காட்டியில் குறியுங்கள். அந்தத் தேதி கடந்த மறுநாள் அதே உறுப்பினருக்கு ஒரு வரி: “இந்தத் தேதிக்குள் முடியும் என்று அமைச்சர் சொன்னார், முடியவில்லை.” அவைப் பதிவேட்டில் தவறான தகவல் தருவது அமைச்சருக்கு மிகவும் சங்கடமான விஷயம், இரண்டாம் கேள்விக்குத் துறை காட்டும் அக்கறை வேறு மாதிரி இருக்கும்.

சட்டமன்றம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. டர்பன் புற்றுநோய்ச் சிகிச்சை விவகாரத்தில் அப்படித்தான் ஆனது. அடிங்டன் மருத்துவமனையின் கதிரியக்க இயந்திரங்கள் பழுதாகி, நிபுணர்கள் வெளியேறி, நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவருமான இம்ரான் கீக்கா 2016இல் மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மாகாணச் சுகாதாரத் துறை நோயாளிகளின் சிகிச்சை உரிமையை மீறியது என்று 2017 ஜூனில் ஆணையம் அறிக்கை தந்தது. அவைக்குள் கேட்கும் உரிமை உள்ளவரே வெளியே போனார் என்பதைக் கவனியுங்கள். அவையை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக ஓட்டினார். நமக்கும் அதே வழிதான்.

முறைகேடான நிர்வாகம் என்றால் மக்கள் காப்பாளரிடம் (பப்ளிக் புரொடெக்டர்) போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். அவர் விதிக்கும் பரிகாரத்தை நீதிமன்றம் நீக்காதவரை அது கட்டுப்படுத்தும் என்பதை, அன்றைய அதிபர் சூமாவின் வீட்டுக்கு அரசு செய்த செலவு பற்றிய ன்கான்ட்லா வழக்கில் 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதி செய்தது. உங்களுக்கு எதிராக முடிவெடுத்துவிட்டுக் காரணம் சொல்லவில்லை என்றால், அந்த முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையை 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் தருகிறது.

பணமே இல்லை என்பது பதிலானால் அடுத்த கதவு, தேசிய நாடாளுமன்றம் கூடும் கேப் டவுனில் இருக்கிறது. மாகாணங்களின் வருவாயில் 95 சதவீதத்துக்கு மேல் தேசிய அரசிடமிருந்து வருகிறது. மாகாணத்துக்குப் பத்துப் பேர் வீதம் 90 பேர் உட்காரும் மாகாணங்களின் தேசிய மன்றம் இந்தப் பங்கீட்டை விவாதிக்கும் இடம். தேசியக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற தன்னார்வ அமைப்பு 1995 முதல் பதிவு செய்துவருகிறது. உங்கள் மாகாணத்தின் பெயரைத் தேடினால் துறை அங்கே என்ன சொன்னது என்று தெரியும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒன்றும் கேப் டவுனில் இன்னொன்றும் சொல்லியிருந்தால், இரண்டு பக்கங்களையும் ஒன்றாக இணைத்து அதே மூன்று உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.

இதே முறையில் கேட்கத் தகுந்த ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2014இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அரசுப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக மீண்டும் இடம்பெற்றன. இன்று குவாசுலு-நாட்டாலில் எத்தனை அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது, எத்தனை மாணவர்கள், அந்த ஆசிரியர்களில் துறைச் சம்பளம் வாங்குபவர் எத்தனை பேர், பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் பணத்தில் வேலை செய்பவர் எத்தனை பேர்? இதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றத்தின் கல்விக் குழு.